ரிப்பீட்டர் நின்ற பிறகும் செய்தி சேர: பேரிடர் நாளில் ஹாம் வானொலி வழியே மருத்துவ உதவி கேட்கும் முறை

புயலோ பெருவெள்ளமோ தாக்கிய சில மணி நேரத்தில் மின்சாரம் நிற்கிறது. கைபேசிக் கோபுரங்களின் மின்கலங்கள் தீர்ந்ததும் 108, 104, 112 ஆகிய எண்களை அழைக்க இயலாமல் போகிறது. வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்பவரோ, இன்சுலின் போட்டுக்கொள்பவரோ, ஆக்சிஜன் துணையுடன் இருப்பவரோ, பேறுகாலம் நெருங்கிய பெண்ணோ இருந்தால், அந்த மணி நேரங்கள் குடும்பத்தினருக்கு மிகவும் கடினமானவை.

இத்தகைய வேளையில் மாவட்ட நிர்வாகத்துக்குத் துணையாகச் செய்தி கொண்டுசெல்பவர்களுள் ஹாம் வானொலி இயக்குநர்களும் உள்ளனர். அவர்கள் வழக்கமாக நம்பியிருக்கும் ரிப்பீட்டர் நிலையமும் அதே புயலில் நின்றுவிடக்கூடும். அப்போதும் வானொலி இயங்கும். ஆனால் உங்கள் செய்தி மருத்துவரை நேரடியாகச் சென்றடையாமல், ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு வாய்மொழியாகக் கடத்தப்பட்டுச் செல்லும். அவ்வாறு செல்லும்போது பிழையின்றிச் சேர்வதற்கு நோயாளியும் பராமரிப்பவரும் செய்ய வேண்டியவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

சுருக்கமாக

• ரிப்பீட்டர் இல்லாதபோது கையடக்கக் கருவியின் எல்லை சில கிலோமீட்டர் மட்டுமே. அதற்கு மேல் செய்தி கைமாறியே செல்லும்.
• கைமாறும் ஒவ்வொரு முறையும் மருந்தின் பெயரும் அளவும் பிழையாக வாய்ப்பு உண்டு. எனவே செய்தியை எழுதித் தாருங்கள், சொல்லி அனுப்பாதீர்கள்.
• வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் மருத்துவச் செய்தி அட்டை ஒன்றை எழுதி வையுங்கள்.
• ஹாம் வானொலியில் பேசுவதை எவரும் கேட்கலாம். நோயாளியின் பெயரைத் தவிருங்கள்.
• உயிருக்கு ஆபத்தான அறிகுறி இருந்தால் வானொலிப் பதிலுக்காகக் காத்திராமல், கிடைக்கும் வாகனத்தில் புறப்படுங்கள்.

ஹாம் வானொலி என்பது என்ன?

அமெச்சூர் வானொலி என்பதே வழக்கில் ஹாம் வானொலி எனப்படுகிறது. மத்திய அரசின் தகவல் தொடர்பு அமைச்சகம் நடத்தும் தேர்வில் தேறி உரிமம் பெற்றவர்கள், வணிக நோக்கமின்றி, தமக்கு ஒதுக்கப்பட்ட அலைவெண்களில் ஒருவரோடொருவர் பேசுவதற்கான ஏற்பாடு இது. ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக் குறி உண்டு. இந்தியாவில் அது பெரும்பாலும் ‘வி.யு.’ என்னும் எழுத்துகளில் தொடங்கும்.

இக்கருவிகள் கைபேசி நிறுவனத்தையோ இணையத்தையோ சார்ந்தவை அல்ல. ஒரு மின்கலமும் ஒரு ஆன்டெனாவும் இருந்தால் போதும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, ஐதராபாத்தில் இயங்கும் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத்தும் அவருடைய குழுவினரும் அந்தமானின் போர்ட் பிளேரில் இருந்தனர். வழக்கமான தொடர்புகள் துண்டிக்கப்பட்ட நிலையில், ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த நிலப்பரப்புக்கு அவர்கள் சிற்றலை வானொலி மூலம் செய்திகளைக் கொண்டுசேர்த்தனர். அந்தத் தொலைவைக் கடக்க எந்த ரிப்பீட்டரும் தேவைப்படவில்லை.

ரிப்பீட்டர் ஏன் நிற்கிறது?

ரிப்பீட்டர் என்பது உயரமான கட்டடத்திலோ மலையிலோ கோபுரத்திலோ அமைக்கப்படும் மறுபரப்பு நிலையம். ஓர் அலைவெண்ணில் வரும் குரலை வாங்கி, அதே நொடியில் வேறோர் அலைவெண்ணில் கூடுதல் வலுவுடன் அனுப்புகிறது. 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் இவ்விரு அலைவெண்களுக்கும் இடையே பொதுவாக 0.6 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி இருக்கும். நூறு மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு ரிப்பீட்டர், தரையில் நிற்பவரின் சிறு கருவியையும் நாற்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ளவருக்குக் கேட்கச் செய்ய வல்லது.

அதன் வலிமையாகிய உயரமே புயலில் அதன் பலவீனமும் ஆகிறது. காற்றில் ஆன்டெனா முறியலாம், மின்னல் தாக்கலாம், மின்சாரம் நின்றபின் மின்கலம் ஓரிரு நாளில் தீரலாம், பழுது நீக்கச் செல்லும் சாலை மரங்கள் விழுந்து அடைபட்டிருக்கலாம். ஆகவே பேரிடருக்குத் திட்டமிடும் எவரும், ரிப்பீட்டர் இருக்காது என்றே கொண்டு திட்டமிட வேண்டும்.

ரிப்பீட்டர் இல்லாமல் எவ்வளவு தூரம் பேசலாம்?

இரு கருவிகளும் ஒரே அலைவெண்ணில், இடையில் எந்த நிலையமும் இன்றிப் பேசுவதைச் சிம்ப்ளெக்ஸ் என்பர். தமிழில் நேரடி முறை எனலாம். இப்பட்டையின் அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவு அவற்றை மறைக்கிறது. ஆகவே தூரத்தைத் தீர்மானிப்பதில் கருவியின் திறனைவிட ஆன்டெனாவின் உயரமே முதன்மை பெறுகிறது.

ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால், அதன் வானொலி அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். இரு முனைகளின் அடிவானங்களையும் கூட்டினால் திறந்தவெளியில் எட்டக்கூடிய தூரம் தெரியும்.

• தரையில் நிற்கும் இருவர், கையடக்கக் கருவி, உயரம் 1.5 மீட்டர்: கணக்கின்படி 10 கிலோமீட்டர். தென்னந்தோப்பும் வீடுகளும் நிறைந்த ஊரில் நடைமுறையில் இரண்டு, மூன்று கிலோமீட்டரே கிடைப்பது இயல்பு.
• ஒருவர் தரையில், மற்றவரின் ஆன்டெனா 10 மீட்டர் உயரத்தில்: ஏறத்தாழ 18 கிலோமீட்டர்.
• இருவரின் ஆன்டெனாக்களும் 10 மீட்டர் உயரத்தில்: ஏறத்தாழ 26 கிலோமீட்டர்.

இதனால்தான் ஹாம் இயக்குநர்கள் புயல் பாதுகாப்பு மையத்தின் மொட்டைமாடி, பள்ளிக் கட்டடம், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிக்கு அருகிலுள்ள மேட்டு நிலம் ஆகியவற்றை நாடுகின்றனர். உங்கள் ஊரில் அத்தகைய இடம் எது என்று இப்போதே அறிந்து வையுங்கள். செய்தி கொடுக்க நீங்கள் செல்ல வேண்டிய இடமும் அதுவாகவே இருக்கக்கூடும்.

உரிமம் பெற்ற ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர் நினைவில் கொள்ள வேண்டியவை:

• கருவியில் ரிப்பீட்டருக்கென அமைத்துள்ள அலைவெண் இடைவெளியையும் தொனிப் பூட்டையும் நீக்கிவிட வேண்டும். இல்லாவிடில் அருகில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது.
• நேரடி முறைக்கான அலைவெண்ணையும் மாற்று அலைவெண்ணையும் குழுவினர் முன்கூட்டியே முடிவுசெய்து எழுதிவைக்க வேண்டும்.
• கருவியுடன் வரும் குட்டை ஆன்டெனாவுக்குப் பதிலாக, சுமார் 49 சென்டிமீட்டர் நீளமுள்ள கால் அலை ஆன்டெனாவைப் பயன்படுத்தினால் குரல் தெளிவாகும். அதைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும்.
• குரல் விட்டுவிட்டு வந்தால், ஓரிரு அடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். பல வேளைகளில் அதுவே போதும்.
• கேட்பதைவிடப் பேசுவதற்கே மின்சக்தி மிகுதியாகச் செலவாகும். குறைந்த திறனில் தொடங்கித் தேவைப்பட்டால் மட்டும் கூட்ட வேண்டும். ஒவ்வொரு மணியின் முதல் ஐந்து நிமிடம் என்பதுபோல் நேரம் குறித்துக் கருவியைத் திறந்தால் மின்கலம் நீடிக்கும்.

தொலைவிலுள்ள நகரத்தை எட்ட, 7 மெகாஹெர்ட்ஸ் பட்டையைப் பகலிலும் 3.5 மெகாஹெர்ட்ஸ் பட்டையைப் பெரும்பாலும் இரவிலும் பயன்படுத்துவர். 7 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்குச் சுமார் 20 மீட்டர் கம்பியை இரு மரங்களுக்கிடையே தாழ்வாகக் கட்டினால், அலை ஏறத்தாழ நேர்மேலே சென்று, வானில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, சுற்றிலும் முந்நூறு, நானூறு கிலோமீட்டர் பரப்பில் இறங்கும். கடலோர மாவட்டம் ஒன்றிலிருந்து சென்னையை எட்ட இது போதுமானது.

செய்தி எவ்வழியே செல்கிறது?

உங்கள் கிராமத்திலிருந்து மருத்துவமனை 40 கிலோமீட்டர் என்று கொள்வோம். ரிப்பீட்டர் இல்லை. முகாமில் உள்ள இயக்குநர், 12 கிலோமீட்டர் தள்ளியுள்ள பேரூராட்சியில் இருப்பவரிடம் சொல்கிறார். அவர் எழுதிக்கொண்டு, வட்டத் தலைநகரில் இருப்பவரிடம் சொல்கிறார். அவர் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்கிறார். அங்கிருந்து ஒருவர் மருத்துவ அலுவலரிடம் தாளைக் கொண்டுவந்து தருகிறார். நோயாளியைப் பார்த்தறியாத நால்வர் வழியே செய்தி கடந்துவிட்டது.

புயல் நாள்களில் பணியில் இருக்கும் மருத்துவ அலுவலரின் மேசைக்கு ‘சர்க்கரை மருந்து உடனே வேண்டும்’ என்று மட்டும் ஒரு செய்தி வந்தால், அவரால் செய்யக்கூடியது மிகக் குறைவு. மாத்திரையா, இன்சுலினா? எந்த வகை? எத்தனை அலகு? நோயாளி விழிப்புடன் இருக்கிறாரா? இவற்றைக் கேட்டறிய அதே வழியில் திரும்பிச் செல்ல வேண்டும். பல மணி நேரம் கழிந்துவிடும். படகோ வாகனமோ ஒருமுறைதான் புறப்படும் என்றால், தவறான மருந்துடன் புறப்பட்டுவிடவும் கூடும்.

வானொலி இயக்குநர் மருத்துவர் அல்லர். நீங்கள் தருவதை மாற்றாமல் கொண்டுசேர்ப்பதே அவர் கடமை. ஆகவே செய்தி முழுமையாக இருப்பது உங்கள் கையில் உள்ளது.

மருத்துவச் செய்தி அட்டை

ஓர் அட்டையில் கீழ்க்கண்டவற்றை நிலையான மையால் எழுதி, நெகிழி உறையிலிட்டு, மருந்துச் சீட்டுகளுடன் வையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, மக்களைத் தேடி மருத்துவம் பணியாளர் வீட்டுக்கு வரும்போதோ சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

• வயது, பாலினம், எடை
• முதன்மையான நோய்
• ஒவ்வொரு மருந்தின் மூலப்பெயர், ஒரு மாத்திரையின் அளவு, நாளில் எத்தனை முறை
• ஒவ்வாமை உள்ள மருந்துகள்
• பயன்படுத்தும் கருவி, அதன் தேவை
• சிகிச்சை பெறும் மருத்துவமனை, பதிவு எண்
• ஊர், தெருவை அடையாளம் காட்டும் இடம், படகு வரக்கூடிய வழி

மருந்தின் வணிகப் பெயர் ஊருக்கு ஊர் மாறும். மூலப்பெயரையே எழுதுங்கள், அது மருந்துப் பட்டையிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

செய்தி தரும் நாளில், அட்டையிலிருந்து தேவையானதை மட்டும் எடுத்து, நாற்பது சொற்களுக்குள் எழுதித் தாருங்கள். முதலில் முன்னுரிமையைக் குறிப்பிடுங்கள். உயிராபத்து எனில் ‘அவசரம்’. ஓரிரு நாளில் ஆபத்தாகக்கூடியது எனில் ‘முன்னுரிமை’. நலமாக இருக்கிறோம் என்று உறவினருக்குத் தெரிவிப்பது ‘நலன்’. எல்லாவற்றையும் அவசரம் என்று எழுதினால் உண்மையான அவசரம் பின்தள்ளப்படும்.

எடுத்துக்காட்டாக ஒரு செய்தி:

‘அவசரம். ஞாயிறு, பிற்பகல் 2.20 மணி. ஊராட்சிப் பள்ளி முகாம். ஆண், வயது 58. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். கடைசியாகச் செவ்வாய். இரண்டு முறை தவறியது. இப்போது மூச்சுத்திணறல், படுக்க இயலவில்லை. தேவை: டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்கு வாகனம். தெற்குச் சாலை திறந்துள்ளது. பதில் முகாம் பொறுப்பாளருக்கு.’

இச்செய்தியைப் பெறும் மருத்துவ அலுவலர் எதையும் திருப்பிக் கேட்க வேண்டியதில்லை. உடனே முடிவெடுக்கலாம்.

எண்களும் பெயர்களும் பிழையாகாதிருக்க

இரைச்சல் மிகுந்த வானொலியில் ‘ஆறு’, ‘நூறு’ போன்ற சொற்கள் ஒன்றுபோல் ஒலிக்கும். பின்வரும் முறைகளை இயக்குநர்கள் கடைப்பிடிப்பர். நீங்களும் அறிந்திருந்தால் உடனிருந்து உதவலாம்.

• எண்களை இலக்கம் இலக்கமாகச் சொல்லிப் பின் முழுமையாகச் சொல்ல வேண்டும்: ‘இரண்டு, பூஜ்யம், இருபது அலகு.’
• தசமப் புள்ளி தவறினால் அளவு பத்து மடங்காகும். 0.5 மில்லிகிராம் என்பதை ‘பூஜ்யம் புள்ளி ஐந்து, அதாவது அரை மில்லிகிராம்’ என்று சொல்ல வேண்டும். 5 என்பதை 5.0 என்று எழுதவே கூடாது.
• மில்லிகிராம் வேறு, மைக்ரோகிராம் வேறு. தைராய்டு குறைபாட்டுக்கான தைராக்சின் மைக்ரோகிராமில் தரப்படுவது. சுருக்கி எழுதாமல் முழுச் சொல்லாக எழுதுங்கள்.
• ஒலியில் நெருங்கிய மருந்துகள் பல உள்ளன. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு ஆகிய இரண்டும் சர்க்கரை நோய்க்கானவையே. ஆனால் ஒன்றின் அளவில் மற்றொன்றைத் தர இயலாது. எனவே பெயரை ஆங்கில எழுத்து எழுத்தாகச் சொல்வர்: மெட்ஃபார்மின் எனில் ‘எம் மைக், இ எக்கோ, டி டாங்கோ, எஃப் ஃபாக்ஸ்ட்ராட்’ என்று தொடங்கும்.
• கேட்டவர் முழுச் செய்தியையும் திருப்பிப் படிக்க வேண்டும். ‘சரி’, ‘கிடைத்தது’ என்னும் ஒற்றைச் சொல் போதாது. மருந்து பற்றிய செய்தியில் இதைத் தவிர்க்கவே கூடாது.

அந்தரங்கம்

ஹாம் வானொலி திறந்த ஊடகம். அந்த அலைவெண்ணில் கருவி வைத்திருக்கும் எவரும் கேட்கலாம். பொருளை மறைக்கும் சங்கேத மொழியில் பேசுவதைப் பன்னாட்டு விதிகள் அமெச்சூர் வானொலிக்கு அனுமதிப்பதில்லை. ஆகவே:

• நோயாளியின் பெயர், கைபேசி எண், ஆதார் எண் ஆகியவற்றைச் சொல்ல வேண்டாம். வயது, பாலினம், முகாம் போதும்.
• கருவுற்ற தாய்க்குப் பிக்மி பதிவு எண்ணைத் தரலாம். மருத்துவமனைப் பதிவு எண்ணும் பயன்படும்.
• காசநோய், எச்.ஐ.வி., மனநலம் தொடர்பான சிகிச்சை எனில் நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் ஒலிபரப்ப வேண்டாம். ‘தொடர் மருந்து இரண்டு நாளில் தீரும், பதிவு எண் இது, மருத்துவ அலுவலர் நேரில் வர வேண்டும்’ என்று மட்டும் அனுப்பலாம். விவரத்தை மூடிய உறையில் சுகாதாரப் பணியாளரிடம் தாருங்கள்.

நோய்வாரியாகச் செய்தியில் சேர்க்க வேண்டியவை

டயாலிசிஸ்: கடைசியாகச் செய்த நாள், வாரத்தில் எத்தனை முறை, தவறிய முறைகள், மூச்சுத்திணறல் உண்டா என்பவை. வயிற்று வழி டயாலிசிஸ் எனில் எஞ்சியுள்ள திரவப் பைகளின் எண்ணிக்கை. உதவி வரும்வரை நீரையும் உப்பையும் மருத்துவர் முன்பே சொன்ன அளவுக்குள் கட்டுப்படுத்துங்கள். நிவாரணமாகக் கிடைக்கும் வாழைப்பழம், இளநீர், பழச்சாறு ஆகியவற்றில் பொட்டாசியம் மிகுதி. டயாலிசிஸ் தவறிய நிலையில் அவை இதயத் துடிப்பைப் பாதிக்கும். அன்புடன் தரப்பட்டாலும் மறுத்துவிடுங்கள்.

இன்சுலின்: வகை, வேளைக்கு எத்தனை அலகு, ஒரு மில்லிலிட்டரில் 40 அலகா 100 அலகா என்பவை. இந்தக் கடைசி விவரம் இன்றியமையாதது. 40 அலகு இன்சுலினுக்குச் சிவப்பு மூடி ஊசி. 100 அலகு இன்சுலினுக்கு ஆரஞ்சு மூடி ஊசி. 100 அலகு மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 20 என்னும் கோடுவரை எடுத்தால் உடலில் செல்வது 50 அலகு. சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். மருந்துடன் அதற்குரிய ஊசியையும் கேட்டு அனுப்புங்கள்.

ஆக்சிஜன்: நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், இப்போதைய ஆக்சிஜன் செறிவு அளவு, எஞ்சியுள்ள நேரம் ஆகியவை. நிறைந்த ‘பி’ வகை சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் எனில் ஏறத்தாழ 12 மணி நேரம் வரும். பாதி தீர்வதற்குள் செய்தியை அனுப்பிவிடுங்கள்; சிலிண்டர் வந்துசேர ஆகும் நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கருவுற்றோர்: எத்தனையாவது மாதம், எத்தனையாவது பேறு, வலி தொடங்கிய நேரம், இரத்தப்போக்கு, பனிக்குடம் உடைந்ததா, வலிப்பு அல்லது கடும் தலைவலி உண்டா என்பவை. பேறுகாலம் நெருங்கியவரைப் புயல் எச்சரிக்கை வந்தவுடனேயே மருத்துவமனையில் சேர்ப்பது நல்லது.

வலிப்பு நோய்: மருந்தின் பெயர், அளவு, எஞ்சியுள்ள நாள்கள். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் தொடர் வலிப்பு ஏற்படலாம். எனவே மூன்று நாளுக்கான மருந்து இருக்கும்போதே செய்தி அனுப்புங்கள்.

முகாமில் வானொலி இயங்கும்போது பாதுகாப்பு

• பேஸ்மேக்கர் பொருத்தியவர், பேசிக்கொண்டிருக்கும் கையடக்கக் கருவியிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் விலகியிருக்க வேண்டும். சட்டைப்பையில் வைத்திருக்கக் கூடாது. திறன் மிகுந்த நிலையங்களின் ஆன்டெனாவிலிருந்து சில மீட்டர் தள்ளி அமருங்கள்.
• செயற்கைச் சுவாசக் கருவி, மருந்து செலுத்தும் பம்பு ஆகியவற்றின் அருகே நின்று பேச வேண்டாம் என்று இயக்குநரிடம் தெரிவியுங்கள். அவர் தள்ளிச் சென்று பேசுவார்.
• ஆக்சிஜன் வெளியேறும் இடத்துக்கு அருகே மின்கலம் மாற்றுவதோ மின்னேற்றம் செய்வதோ கூடாது.
• பேசும்போது ஆன்டெனாவைத் தொடாதீர்கள்; குழந்தைகளை விலக்கி வையுங்கள்.
• மின்கம்பிக்கு அருகே ஆன்டெனா கட்டக் கூடாது. மின்சாரம் நின்றிருந்தாலும் எந்த நொடியும் திரும்பலாம். இடி மின்னலின்போது மொட்டைமாடியில் நிற்கக் கூடாது.
• ஜெனரேட்டரைக் கட்டடத்துக்கு வெளியே, சன்னல்களிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வையுங்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமற்றது, உறங்குவோரைக் கொல்லக்கூடியது.

அடிக்கடி எழும் கேள்விகள்

நாங்களே ஒரு கருவி வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

உரிமமின்றி வாங்கவோ ஒலிபரப்பவோ கூடாது. விருப்பமுள்ள, 12 வயது நிறைந்த எவரும் தேர்வெழுதி உரிமம் பெறலாம். மின்னணுவியலின் அடிப்படையும் விதிகளும் கேட்கப்படும். மத்திய அரசின் சரல் சஞ்சார் இணையதளம் வழியே விண்ணப்பிக்கலாம். நாள்பட்ட நோயாளி உள்ள குடும்பத்தில் ஒருவர் உரிமம் பெறுவது ஊருக்கே பயன்தரும். கருவி வாங்கிய பின், மாதம் ஒருமுறையேனும் ரிப்பீட்டரைத் தவிர்த்து நேரடி முறையில் பேசிப் பழக வேண்டும். எங்கிருந்து யாருக்குக் கேட்கிறது என்பதைப் புயல் நாளில் கண்டுபிடிக்க நேரம் இராது.

ஹாம் இயக்குநரை எங்கே காண்பது?

கைபேசி இயங்கும்போதே, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணில் அழைத்துக் கேளுங்கள். தொடர்பு அற்ற பின், கிராம நிர்வாக அலுவலர், கிராம சுகாதாரச் செவிலியர், புயல் பாதுகாப்பு மையப் பொறுப்பாளர் ஆகியோரில் ஒருவரிடம் எழுதிய செய்தியைத் தாருங்கள். காவல் நிலையத்திலும் தனி வானொலித் தொடர்பு உண்டு, அங்கும் தரலாம்.

செய்தி சேர்ந்ததா என்று எப்படி அறிவது?

செய்தியைக் கொடுக்கும்போது அதன் வரிசை எண்ணையும் நேரத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதிலைப் பெற யார் எங்கே இருப்பார் என்று குறிப்பிடுங்கள். நீங்கள் வேறு முகாமுக்குச் சென்றால் அதையும் தெரிவித்துச் செல்லுங்கள். மருந்து வந்தும் ஆளைக் காணாமல் திரும்பிய நிலை ஏற்படக் கூடாது.

வானொலியில் மருத்துவர் சொல்லும் அளவை அப்படியே பின்பற்றலாமா?

எழுதிக்கொண்டு, திருப்பிப் படித்து, உங்கள் அட்டையுடன் ஒப்பிடுங்கள். வழக்கமான அளவிலிருந்து பெரிதும் வேறுபட்டால், மருந்தைத் தருமுன் மீண்டும் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

படுக்க இயலாத மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, நினைவிழத்தல், நிற்காத வலிப்பு, முகம் கோணுதல் அல்லது ஒரு பக்கம் செயலிழத்தல், கருவுற்றோருக்கு இரத்தப்போக்கு, பாம்புக்கடி ஆகியவற்றில் செய்தியை அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். கிடைக்கும் வாகனத்திலோ படகிலோ அருகிலுள்ள அரசு மருத்துவமனையை நோக்கிப் புறப்படுங்கள். புறப்பட்ட நேரத்தையும் வழியையும் வானொலியில் தெரிவிக்கச் சொல்லுங்கள். மருத்துவமனை ஆயத்தமாக இருக்கும். இயன்றால் 108 ஊர்தி எதிரே வரும்.

மழைக்காலம் தொடங்கும் முன்பாக, இன்றே செய்யக்கூடியவை மூன்று: மருத்துவச் செய்தி அட்டையை எழுதுதல், மருந்து முழுவதும் தீருமுன் அடுத்த தவணையைப் பெற்றுவைத்தல், உங்கள் ஊரில் செய்தி கொடுக்க வேண்டிய இடத்தை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருத்தல். எவ்வித ஐயத்துக்கும் கைபேசி இயங்கும் நாளில் 104 என்ற எண்ணையோ, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுகுங்கள்.